கதவுக்கு வெளியே நிற்கிறவர்கள்



மே மாதக் கடைசி வந்துவிட்டால் குருமனைத் தொலைபேசிக்கு ஓய்வில்லை. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, என்ன கட்டணம் என்று பெற்றோர் ஆலோசனை கேட்பார்கள். இவ்வாண்டு இரண்டு குடும்பங்கள் ஒரே கேள்வியைக் கொண்டுவந்தன. கதிர்வீச்சுச் சிகிச்சைத் தொழில்நுட்பம் என்னும் படிப்பில் பிள்ளைக்கு இடம் கிடைக்கும்போல் இருக்கிறது, சேர்க்கலாமா? மகனுக்காகக் கேட்ட தகப்பனார் வேலைவாய்ப்பைப் பற்றி மட்டும் விசாரித்தார். மகளுக்காகக் கேட்ட தாயார் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உடம்புக்கு ஆகாதாமே ஐயா, நாளைக்குக் கல்யாணம் குழந்தை என்று வரும்போது யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால்?" என்றார். உடம்புக்கு ஆகாத ஒன்று மகனுக்கு மட்டும் எப்படி ஆகும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லுமளவுக்கு எனக்கு விஷயமும் தெரியாது. இறையியல் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் படித்தவன் நான். என் இயற்பியல் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோயிற்று.

நம் சபையின் மகள் ஒருத்தி இதே படிப்பில் மூன்றாம் ஆண்டில் இருக்கிறாள் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். விடுமுறைக்கு வந்திருந்தவளிடம் அவளுடைய கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பாட நோட்டைக் கேட்டு வாங்கினேன். அவளும் மூன்று சனிக்கிழமை மாலைகள் பொறுமையாக உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தாள். அங்கே கற்றுக்கொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அதற்கு மாணவர் சேர்க்கையைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் மக்கள் "கரண்ட் வைப்பது" என்று சொல்லும் சிகிச்சையில் மின்சாரம் யார் உடம்பிலும் பாய்வதில்லை. பாய்வது கதிர்கள். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி வில்ஹெல்ம் ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். தம் மனைவியின் கையை அவர் படமெடுத்தபோது எலும்பும் மோதிரமும் தெரிந்தன. உலகமே வியந்தது. சில மாதங்களுக்குள்ளாகவே மருத்துவர்கள் அதைக் கையில் எடுத்துவிட்டார்கள். அதற்கு அஞ்சவேண்டும் என்பது ஒருவருக்கும் தெரியாது. தாமஸ் எடிசனின் உதவியாளராகிய கிளாரன்ஸ் டாலி, குழாய் சரியாக வேலை செய்கிறதா என்பதைத் தம் கையை அதன் முன் நீட்டியே சோதித்துவந்தார். கைகள் புண்ணாகிப் புற்றாகி, வெட்டி எடுத்தும் பயனின்றி, 1904இல் மரித்தார். எடிசன் எக்ஸ் கதிர் ஆய்வையே விட்டுவிட்டார். ரேடியத்தைக் கண்டறிந்த மேரி க்யூரி அம்மையார் 1934இல் இரத்தம் ஊறாமற்போகும் நோயால் காலமானார்; அவருடைய குறிப்பேடுகள் இன்றும் கதிரியக்கம் உள்ளவையாகப் பாதுகாக்கப்படுகின்றன. ஹாம்பர்க் நகர மருத்துவமனை ஒன்றின் வளாகத்தில், இந்தப் பணியில் உயிர்நீத்த மருத்துவர், செவிலியர், தொழில்நுட்பர் ஆகியோருக்கு 1936இல் நினைவுத்தூண் எழுப்பினார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் தொடக்கத்திலேயே அதில் பொறிக்கப்பட்டன.

அந்த மாணவி படிக்கும் பாடத்தின் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் இப்படி யாரோ ஒருவருடைய கை இருக்கிறது. விதிகள் என்றால் அலுவலகத்தார் எழுதி வைத்த தொல்லைகள் என்று எண்ணுகிறோம். இந்தத் துறையில் அவை பெரும்பாலும் இரங்கற்குறிப்புகளிலிருந்து பிறந்தவை. பாதுகாப்புக்கென்று ஓர் அனைத்துலகக் குழு 1928இல் ஸ்டாக்ஹோமில் அமைக்கப்பட்டது. இன்று உலக நாடுகள் பின்பற்றும் நெறிகளின் வேர் அதுதான்.

அந்நெறிகள் மூன்று. நன்மை உண்டு என்று உறுதியானாலொழியக் கதிரைப் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்தினாலும் நியாயமாக எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்கவேண்டும். மூன்றாவது, பணியாளருக்கும் பொதுமக்களுக்கும் மீறக்கூடாத வரம்பு ஒன்று வேண்டும். நம் நாட்டில் அந்த வரம்பை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்திருக்கிறது. பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்தத் தனி ஆண்டிலும் 30ஐத் தாண்டலாகாது. பதினாறு வயதைக் கடந்து பயிற்சியில் இருக்கும் இளையோருக்கு 6. பொதுமக்களுக்கு 1. கருவுற்றிருப்பதைத் தெரிவித்த பெண் பணியாளரின் வயிற்றிலுள்ள குழந்தைக்கும் அந்த 1தான். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன்: மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் மூச்சுக்காற்றிலிருந்தும் மனிதர் ஒவ்வொருவரும் உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் பெற்றுக்கொண்டே இருக்கிறோம். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரையில் மோனசைட் கலந்த மணலின்மேல் குடியிருப்போர் அதைவிடக் கூடுதலாகப் பெறுகிறார்கள். நவீனச் சிகிச்சைக்கூடங்களில் ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் அந்த 20இன் அருகில்கூட வருவதில்லை. பிள்ளைப்பேற்றைத் தடுக்கக்கூடிய அளவுகளோ இவ்வரம்புகளுக்குப் பல மடங்கு மேலே இருக்கின்றன. ஆகவே அந்தத் தாயாருக்கு என் மறுமொழி: சேர்க்கலாம் அம்மா. யாராவது ஒரு சொல் சொன்னால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

இனி, அவள் மார்பில் அணிந்திருக்கும் சிறு அட்டையைப் பற்றி. டி.எல்.டி. பேட்ஜ் என்கிறார்கள். உள்ளே மூன்று சிறு வில்லைகள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அதை ஆய்வகத்துக்கு அனுப்பி, சூடேற்றினால், அந்த மூன்று மாதத்தில் உட்கொண்ட கதிருக்கு ஏற்ப அவ்வில்லைகள் ஒளி விடுகின்றன. அந்த ஒளியை அளந்து கணக்கு எழுதுகிறார்கள். இதைக் கவசம் என்று நினைத்திருந்த ஒரு மாணவனைப் பற்றிச் சொல்லி அவள் சிரித்தாள். அது கவசமன்று, எதையும் தடுக்காது, நடந்ததைச் சொல்லும், அவ்வளவுதான். ஒருவருடையதை மற்றவர் அணியக்கூடாது. கழற்றினால் கதிர் இல்லாத இடத்தில் மாட்டிவைக்கவேண்டும். சட்டைப் பையில் மறந்து சலவைக்குப் போட்டுவிடக் கூடாது. பேட்ஜை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வேலை செய்கிறவர்களும் உண்டாம். அந்த மூன்று மாதத்துக்கு அவர்களுடைய கணக்கு மிகச் சுத்தமாக இருக்கும்.

உண்மையில் காப்பவை நேரம், தூரம், தடுப்பு ஆகிய மூன்றே. கதிருக்கு அருகில் இருக்கும் நேரத்தைப் பாதியாக்கினால் பெறுவது பாதி. தூரத்தை இருமடங்காக்கினால் நான்கில் ஒன்று. மும்மடங்காக்கினால் ஒன்பதில் ஒன்று. ஓரடி பின்வாங்குவதற்கு இவ்வளவு பலன் உண்டா என்று நான் வியந்தேன். தடுப்பைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. எக்ஸ்ரே அறையில் அணியும் ஈய அங்கி இங்கே பெரிதாக உதவாது. சிகிச்சைக் கதிரின் ஆற்றல் மிக அதிகம். நேர்க்கதிர் விழும் பக்கத்தில் இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட கனமுள்ள கான்கிரீட் சுவர் எழுப்புகிறார்கள். வாசலையும் நேரே வைப்பதில்லை. சுவரில் மோதிச் சிதறும் கதிர் வெளியே வராதபடி வளைந்து செல்லும் நடைவழி வைக்கிறார்கள்.

நம் மாநிலத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. தம் உடன்பிறந்த சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் அடையாற்றில் 1954இல் தொடங்கிய புற்றுநோய் நிலையத்துக்குத்தான் 1950களில் இந்தியாவின் முதல் கோபால்ட்-60 சிகிச்சை இயந்திரம் கனடாவிலிருந்து வந்தது. இன்று பெரிய மருத்துவமனைகளில் லினாக் என்னும் மின்முடுக்கி இயந்திரங்கள் வந்துவிட்டன. அணைத்தால் கதிர் நின்றுவிடும். கோபால்ட்டை அணைக்க முடியாது. அது கனத்த ஈயக் கூட்டுக்குள் இரவும் பகலும் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். சிகிச்சைக்கு அதைத் திறந்த வாய்க்கு நகர்த்துகிறார்கள், முடிந்ததும் உள்ளிழுக்கிறார்கள். 5.27 ஆண்டுகளில் அதன் வீரியம் பாதியாகிறது; மாதத்துக்கு ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு குறைகிறது. அந்தக் குறைவுக்குத் தக்கபடி சிகிச்சை நேரத்தைக் கூட்டவேண்டும். பழைய மூலத்தை வைத்துக்கொண்டிருக்கும் மருத்துவமனையில் நோயாளி படுக்கையில் அதிக நேரம் அசையாமல் கிடக்கவேண்டியிருப்பது இதனால்தான்.

அந்த மூலம் எப்போதாவது உள்ளே திரும்பாமல் சிக்கிக்கொண்டால்? அதற்கும் பயிற்சி உண்டு. அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தவேண்டும். அதுவும் பயன்படாவிட்டால் அறைக்குள் விரைந்து செல்லவேண்டும். கதிர் வரும் வழியில் நிற்காமல் படுக்கையை வெளியே இழுக்கவேண்டும். நோயாளியை வெளியேற்றிக் கதவை அடைத்துவிட்டுப் பாதுகாப்பு அலுவலரை அழைக்கவேண்டும். இயந்திரத்தைச் சரிசெய்வது அதற்குப் பின்புதான். இந்த வரிசையை அவள் மனப்பாடமாகச் சொன்னாள். "உனக்குப் பயமில்லையா அம்மா?" என்றேன். "உள்ளே ஒருவர் படுத்திருக்கிறாரே ஐயா" என்றாள். கேள்விக்குப் பொருந்தாத பதில்போல் முதலில் தோன்றியது. பிறகு அதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன்.

இனிச் சொல்வதை அவளுடைய அனுமதியோடு எழுதுகிறேன். அவள் பயிற்சிக்குப் போன மருத்துவமனையில் ஒரு காலைவேளை, சிகிச்சை அறைக்குள்ளிருந்து நோயாளியின் குரலை வெளியே கொண்டுவரும் ஒலிவாங்கி வேலை செய்யவில்லை. வெளியே நீண்ட வரிசை. பலர் இரவுப் பேருந்தில் வந்தவர்கள். "கேமராவில் தெரிகிறதே, இன்றைக்கு ஓட்டிவிடுவோம், நாளை ஆள் வரும்" என்றார் மூத்தவர் ஒருவர். அவர் கெட்டவர் அல்லர். அந்த வரிசையைப் பார்த்துத்தான் சொன்னார். இவள் மாணவி, சம்பளம் இல்லை, அதிகாரம் இல்லை, மதிப்பெண் போடுகிறவர் அவரே. ஆயினும் பாதுகாப்பு அலுவலரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். ஒலிவாங்கியைச் சீராக்கும்வரை முக்கால் மணி நேரம் சிகிச்சை நின்றது. காத்திருந்தவர்கள் ஏசினார்கள். கீமோவும் சேர்த்து எடுத்துவந்த முதியவர் ஒருவர் நாற்காலியில் உட்காரமுடியாமல் தரையில் படுத்துவிட்டார். "நான் செய்தது சரியா ஐயா? அந்தத் தாத்தாவின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது" என்று கேட்டாள்.

அவளுடைய நோட்டிலேயே அதற்கு ஒரு பதில் இருந்தது. கனடாவில் தயாரான தெராக்-25 என்னும் சிகிச்சை இயந்திரம் 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிரைச் செலுத்தியது. அவற்றில் ஒன்று 1986 மார்ச்சில், டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நடந்தது. இயக்குநர் விசைப்பலகையில் ஓர் எழுத்தை மாற்றித் தட்டிவிட்டார், உடனே திருத்தினார். அவர் திருத்திய வேகத்துக்கு இயந்திரத்தின் மென்பொருள் ஈடுகொடுக்கவில்லை. திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது, உள்ளே அமைப்பு தவறாக இருந்தது. "கோளாறு 54" என்று ஒரு செய்தி வந்தது. அதற்கு என்ன பொருள் என்று கையேட்டில் தெளிவாக இல்லை. அந்த இயந்திரம் அடிக்கடி இப்படி ஏதாவது சொல்லும்; தொடர்வதற்கான விசையைத் தட்டினால் வேலை நடக்கும். அன்றும் தட்டினார். உள்ளே இருந்தவருக்கு முதுகில் தீயை வைத்ததுபோல் இருந்தது. எழ முயன்றவரின் கையில் இரண்டாம் முறை கதிர் பாய்ந்தது. அவர் கதவைத் தட்டிய பிறகே வெளியே விஷயம் தெரிந்தது. ஏனென்றால் அன்றைக்கு அந்த அறையின் காணொளித் திரை இணைக்கப்படாமல் இருந்தது, ஒலிக்கருவியும் பழுது. ஐந்து மாதங்களில் அவர் இறந்துபோனார். அடுத்த மாதம் அதே இடத்தில் இன்னொருவருக்கும் அப்படியே நேர்ந்தது. அங்கிருந்த இயற்பியலாளர் அந்த இயக்குநரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் தட்டிய அதே வேகத்தில் மறுபடி மறுபடி தட்டிப் பார்த்துக் கோளாற்றைக் கண்டுபிடித்தார். இயக்குநர் நினைவுகூர்ந்து உதவியிராவிட்டால் அது இன்னும் எத்தனை பேரைத் தொட்டிருக்குமோ!

ஒலிவாங்கி என்பது அவ்வளவு பெரிய காரியம். அவளிடம் நான், நீ செய்தது சரிதான் என்றேன். அந்த முதியவர் தரையில் படுத்ததும் உண்மைதான், அதையும் மறந்துவிடாதே என்றும் சொன்னேன். இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துச் சமன்செய்ய எனக்குத் தெரியவில்லை. அடுத்த முறை அப்படி நின்றால் வரிசையிலிருப்போருக்கு ஒரு விரிப்பும் தண்ணீரும் முதலில் கேட்டு வாங்கு என்றேன். அதைக் குறித்துக்கொண்டாள்.

இப்போது நான் முதலில் சொன்ன பெரிய காரணத்துக்கு வருகிறேன். நம் சபையின் மூத்த சகோதரி ஒருவர் இப்போது இந்தச் சிகிச்சையில் இருக்கிறார். வாரத்துக்கு ஐந்து நாள். ஒவ்வொரு நாளும் கதிர் பாய்வது சில நிமிடங்களே. ஒருநாள் அவரோடு போயிருந்தேன். திரும்பும் வழியில் அவர் கேட்டார்: "எனக்கு நல்லது என்றால், ஐயா, என்னைப் படுக்கவைத்த மறுநிமிஷம் அந்தப் பிள்ளைகள் எல்லாரும் ஏன் வெளியே ஓடுகிறார்கள்?"

இந்தக் கேள்வியையும் நான் மாணவியிடம் கொண்டுபோனேன். அவள் சொன்ன விளக்கம் இது. அந்த அம்மாவுக்கு நோய் இருக்கிறது. கதிர் அந்த நோயை அழிக்கிறது. ஆகவே அவருக்கு நன்மை உண்டு, வரம்பும் அவருக்குப் பொருந்தாது. இயக்குகிறவருக்கு அந்த நன்மை இல்லை. ஒருநாளைக்கு அறுபது நோயாளிகள் என்றால் அறுபது முறை, பல ஆண்டுகள், அவர் அந்த அறையில் நின்றிருக்கவேண்டும். அப்படி நின்றால் அடுத்த தலைமுறை நோயாளிகளுக்கு அந்தக் கைகள் மீந்திரா. டாலியின் கைகளை நினைத்துக்கொள்ளுங்கள். "நாங்கள் ஓடிப்போய் எங்கே நிற்கிறோம் தெரியுமா ஐயா? திரைக்கு முன்னால். கண் இமைக்காமல் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இருமினால் நிறுத்திவிடுவோம், கையைத் தூக்கினால் உள்ளே வந்துவிடுவோம்." இதைச் சகோதரியிடம் அப்படியே சொன்னேன். மறுநாள் அவர் கேமராவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாராம். வெளியே இருந்தவர்கள் பதறிப்போய் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினார்களாம்!

சிரித்துவிட்டு நிற்க முடியாத ஒன்று பாக்கி இருக்கிறது. சென்ற மாதத் திருவிருந்து ஆராதனையில் நான் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு வருகையில் கண்டது இது. அந்தச் சகோதரி முழங்காற்படியிட்டதும் அடுத்து வரவேண்டியவர்கள் வரிசையில் பின்னுக்குப் போனார்கள். ஒரு தாயார் தம் குழந்தையை அவருடைய பெஞ்சிலிருந்து மெல்ல வேறு இடத்துக்கு மாற்றினார். எவரும் தீய எண்ணத்தோடு செய்யவில்லை, அஞ்சினார்கள். ஆனால் அவர் கவனித்தார். நம் ஆண்டவர் யாரையெல்லாம் தொட்டார் என்பதைப் பற்றி நான் எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறேன். அதை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. இயற்பியலை மட்டும் சொல்கிறேன்.

வெளியிலிருந்து கதிர் செலுத்தும் சிகிச்சை பெறுகிறவர் கதிரியக்கம் உள்ளவராக மாறுவதில்லை. விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் மிச்சம் இருக்கிறதா? அப்படித்தான். அவருடைய உமிழ்நீரில் இல்லை, வியர்வையில் இல்லை, அவர் அருந்திய பாத்திரத்தில் இல்லை. கர்ப்பிணிகள் பக்கத்தில் உட்காரலாம், குழந்தைகள் மடியில் ஏறலாம். கருப்பைவாய்ப் புற்றுக்கு உள்ளே குழாய் வைத்துச் சில நிமிடங்கள் தரும் சிகிச்சையிலும் மூலத்தை வெளியே எடுத்துவிட்ட பிறகு எதுவும் மிஞ்சாது. விதிவிலக்கு உண்டு: தைராய்டு புற்றுக்குக் கதிரியக்க அயோடினை உட்கொள்பவர்கள் சில நாள்கள் தனித்திருக்கவேண்டும், வீடு திரும்பியும் மருத்துவர் சொல்லும் நாள்வரை குழந்தைகளிடமிருந்து விலகியிருக்கவேண்டும். அதை மருத்துவமனையே எழுதிக் கொடுக்கும். நம் சகோதரிக்கு அப்படி எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. தாளை நானே வாசித்துப் பார்த்தேன், அவருடைய அனுமதியோடுதான் இதையும் எழுதுகிறேன். தொற்றுக்கு அவர்தான் அஞ்சவேண்டியவர். இருமலும் சளியும் உள்ளவர்கள் தள்ளி உட்காருங்கள், அது அவருக்காக.

அவருக்கு இன்னும் பதினொரு நாள் சிகிச்சை மீதியுள்ளது. காலை எட்டரை மணிக்கு வீட்டிலிருந்து கூட்டிப்போய்ப் பதினொரு மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும். திங்கள், புதன், வெள்ளிக்கு வாகனம் ஏற்பாடாகிவிட்டது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஆராதனை முடிந்ததும் செயலாளரிடம் சொல்லுங்கள். காத்திருக்கும் கூடத்தில் மின்விசிறி சரியில்லை. ஒரு விசிறியும் தண்ணீர்ப் பாட்டிலும் எடுத்துப் போங்கள்.